எவ்வளவு தெரிந்தால் போதும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் நிறைய. அத்தகைய ஆலை ஒன்றில் இண்டக்‌ஷன் ஃபர்னஸுக்கு முன்னால் நிற்கும் மெல்டரின் வேலையில் ஒரு பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கிராப் முழுவதும் உருகி, வெப்பம் 1,600 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. நீளக் கரண்டியால் கொஞ்சம் உருக்கை மொண்டு சிறிய அச்சில் ஊற்றுகிறார்கள். கெட்டியான சாம்பிளை ஆற்றி, ஒரு பக்கத்தைச் சமமாகத் தேய்த்து லேபுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஸ்பெக்ட்ரோமீட்டர் அதன்மேல் மின்பொறியைப் பாய்ச்சி, எழும் ஒளியை வைத்துக் கார்பன், மாங்கனீஸ், கந்தகம், பாஸ்பரஸ் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லிவிடும். தாளில் பாஸ்பரஸ் 0.041 சதவீதம் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எஃப்இ 500டி ரகக் கம்பிக்கு ஐஎஸ் 1786 தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் 0.040. சாதாரண எஃப்இ 500 ரகத்துக்கு 0.055 வரை போகலாம். சிலிக்கா லைனிங் போட்ட உலையில் பாஸ்பரஸைப் பிரித்து வெளியேற்ற வழியில்லை. ஆகவே இன்னொரு சாம்பிள் எடுத்துப் பார்க்கலாம். பாஸ்பரஸ் குறைந்த நல்ல இரும்பைச் சேர்த்து அளவைக் குறைக்கலாம். அல்லது இந்த ஹீட்டை, அதாவது ஒரே தடவையில் உருக்கிய இந்த எஃகை, எஃப்இ 500 ரகமாகவே ஊற்றிவிடலாம்.

மெல்டர் யோசிக்கிறார். அவர் யோசிக்கும் நேரம் இலவசமாகக் கிடைப்பதில்லை. உருகிய எஃகை அதே சூட்டில் வைத்திருக்கவே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உலையின் லைனிங் நிமிடத்துக்கு நிமிடம் தேய்கிறது. மாங்கனீஸ் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கசடாகிக் குறைகிறது. அதாவது, தாளில் வந்த கணக்கு எந்த எஃகுக்குரியதோ அந்த எஃகே காத்திருப்பில் கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிக்கொண்டிருக்கிறது. கொள்முதல் பிரிவில் இரண்டு கொட்டேஷன்களை வைத்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருப்பவருக்கும், பழுதான மோட்டாரை ரீவைண்டிங் செய்வதா புதிதாக வாங்குவதா என்று வாரக்கணக்கில் குழம்பும் மெயின்டனன்ஸ் பொறியாளருக்கும், அனுப்ப வேண்டிய மின்னஞ்சலைப் பத்தாவது முறையாகத் திருத்தும் அலுவலருக்கும் இருப்பது இதே சிக்கல்தான். உலை முன்னால் அது கண்ணுக்குத் தெரிகிறது. மேசை முன்னால் தெரிவதில்லை.

இப்படித் தவிப்பவருக்கு ஊரார் தரும் அறிவுரை, ‘தைரியமாக ஒரு முடிவுக்கு வா’ என்பதுதான். தயக்கத்தை மனத்தின் பலவீனமாகப் பார்க்கும் பழக்கத்திலிருந்து வரும் அறிவுரை அது. கடந்த நூறு ஆண்டுகளில் புள்ளியியலும் மூளை அறிவியலும் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகள் வேறொரு காரணத்தைக் காட்டுகின்றன. எவ்வளவு தெரிந்தால் போதும், எந்த நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே வகுத்துக்கொள்ளாதபோதுதான் யோசனை முடிவில்லாமல் நீள்கிறது. குழப்பத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்த எல்லையைக் கண்டுபிடிக்க முயல்பவர் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் திணறுவார். எல்லையை முன்பே போட்டுவைத்தவர் சாதாரணமானவராக இருந்தாலும் முடித்துவிடுவார்.

இந்த எண்ணத்துக்குக் கணித உருவம் கொடுத்தவர் ஆபிரகாம் வால்ட். 1902ல் இன்றைய ருமேனியாவில் இருக்கும் க்ளூஜ் நகரில் பிறந்து, 1938ல் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் ஆய்வுக் குழுவில் வேலை செய்தார். அப்போது அமெரிக்கக் கடற்படை இரண்டு வகைக் குண்டுகளில் எது மேலானது என்று அறிய ஏராளமான குண்டுகளை வரிசையாக வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தது. அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்றால், முன்னால் ஒரு பங்கு வெடித்து முடிந்ததுமே விடை தெரிந்துவிட்டது, மிச்சத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே என்று கடற்படைத் தளபதி கேரட் ஸ்கைலர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைய புள்ளியியல் முறைப்படி, இத்தனை சாம்பிள் என்று தொடக்கத்தில் முடிவுசெய்துவிட்டால் அத்தனையையும் சோதித்தே ஆக வேண்டும். அந்தக் கேள்வி அதே குழுவில் இருந்த ஆலன் வாலிஸ், மில்டன் ஃப்ரீட்மன் ஆகியோர் வழியாக 1943ல் வால்டிடம் வந்து சேர்ந்தது.

வால்ட் கண்ட தீர்வின் சாரம் எளிது. சோதனை தொடங்கும் முன்பே இரண்டு எல்லைக்கோடுகளைப் போட்டுவிடு. ஒவ்வொரு சாம்பிளையும் சோதித்ததும் அதுவரை சேர்ந்த சான்றின் எடையைக் கூட்டிக்கொண்டே வா. கூட்டல் மேல்கோட்டைத் தொட்டால் சரக்கை ஏற்றுக்கொள், கீழ்க்கோட்டைத் தொட்டால் நிராகரி, இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மட்டும் அடுத்த சாம்பிளை எடு. கோடுகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை இரண்டு தவறுகள் தீர்மானிக்கின்றன: நல்ல சரக்கைத் தள்ளிவிடும் தவறு, கெட்ட சரக்கை ஏற்றுக்கொள்ளும் தவறு. ஒவ்வொன்றையும் எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லிவிட்டால் கோடுகள் தாமாகவே கிடைக்கும். இந்த முறையில் அதே அளவு நம்பகத்துக்குச் சராசரியாகப் பாதி சாம்பிளே போதும் என்று தெரிந்ததும், போர்க் காலத்தில் அதை ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அதே தவறு விகிதத்தில் இதைவிடக் குறைந்த சராசரிச் சாம்பிளில் முடிக்கும் வேறு முறை இல்லை என்று வால்டும் சக புள்ளியியலாளர் வொல்ஃபோவிட்ஸும் 1948ல் நிரூபித்தார்கள். வால்டின் கதை தமிழ்நாட்டில் முடிந்தது. இந்தியாவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் மோதிய ஏர் இந்தியா விமானத்தில் அவரும் அவர் மனைவியும் இறந்துபோனார்கள். அவர் வகுத்த கோடுகள் உலகெங்கும் தொழிற்சாலைகளின் இன்ஸ்பெக்‌ஷன் மேசைகளுக்கு வந்துசேர்ந்தன.

இதே கணக்கை மூளையும் போடுகிறது என்பதுதான் பின்னால் வந்த வியப்பு. 1978ல் உளவியலாளர் ரோஜர் ராட்க்ளிஃப், மனிதர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை விளக்க ஒரு மாதிரியை முன்வைத்தார். மனத்தில் சான்று சிறுகச் சிறுகச் சேர்கிறது, தடுமாற்றத்தோடு மேலும் கீழும் நகர்கிறது, எந்த எல்லையை முதலில் தொடுகிறதோ அதுவே முடிவாகிறது. வால்டின் இரண்டு கோடுகளின் தொடர்ச்சியான வடிவம் இது. பின்னர் மைக்கேல் ஷேட்லன், வில்லியம் நியூசம் போன்றோர் குரங்குகளுக்குத் திரையில் நகரும் புள்ளிக் கூட்டத்தைக் காட்டி, அது இடப்பக்கம் போகிறதா வலப்பக்கம் போகிறதா என்று தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். தேர்வு நெருங்க நெருங்க மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் சில நரம்பணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே போய், ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டதும் குரங்கு முடிவைத் தெரிவித்தது. அந்த அணுக்கள்தான் முடிவை எடுக்கின்றனவா, வேறெங்கோ நடப்பதை வெறுமனே பிரதிபலிக்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு உண்டு. ஆனால் சான்று சேர்வது, எல்லையைத் தொட்டதும் நிற்பது என்ற பொது வடிவம் எத்தனையோ சோதனைகளில் மனிதர்களின் வேகத்தையும் பிழையையும் ஒருசேரச் சரியாகக் கணித்துவருகிறது.

இந்த மாதிரியிலிருந்து வேலையிடத்துக்கு மிகவும் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. இரண்டு வழிகளில் ஒன்று தெளிவாக மேலானதாக இருந்தால் சான்று வேகமாக ஒரு பக்கம் சாயும், முடிவு சட்டென்று வரும். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் சான்று எந்தப் பக்கமும் சாயாமல் நடுவிலேயே அலையும், நேரம் நீண்டுகொண்டே போகும். ஆனால் இரண்டும் சமம் என்றால் எதைத் தேர்ந்தாலும் இழப்பு மிகக் குறைவு. அப்படியானால் எந்த முடிவில் தவறினால் குறைவாக இழப்போமோ அதற்குத்தான் மனம் அதிக நேரத்தைச் செலவிடுகிறது. இது ஊகம் மட்டுமல்ல. பாஸ்டியான் ஔட், இயன் கிராய்பிச், எர்ன்ஸ்ட் ஃபேர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட ஆய்வில், மொத்த நேரத்துக்கு வரம்பு வைத்துப் பல தேர்வுகளைச் செய்யச் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் சமமான வாய்ப்புகளுக்கு இடையில் அளவுக்கு மீறி நேரம் கரைத்தார்கள். குறிப்பிட்ட நேரம் கடந்ததும் ‘இப்போது தேர்ந்தெடு’ என்று கட்டாயப்படுத்தியபோது அவர்களுக்குக் கிடைத்த பலன் கூடியது. இரண்டு கொட்டேஷன்களை மூன்று வாரம் ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை என்றால் அந்த மூன்று வாரமே ஒரு சான்றுதான்: இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, எதை எடுத்தாலும் சரி.

வாழ்க்கையின் பெரிய முடிவுகளிலும் இது ஓரளவு பொருந்துகிறது. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், வேலையை விடுவதா, உறவை முறித்துக்கொள்வதா என்று இழுபறியில் இருந்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000க்கும் மேற்பட்ட முறை சுண்டப்பட்டது. பெரிய முடிவுகளில், மாற்றிக்கொள் என்று நாணயம் யாரிடம் சொன்னதோ அவர்கள் ஆறு மாதம் கழித்து, இருந்தபடியே இரு என்று சொல்லப்பட்டவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்ததாகத் தெரிவித்தார்கள். தாமாக முன்வந்து நாணயத்தைச் சுண்டியவர்களிடம் கிடைத்த முடிவு இது. எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் இழுபறியில் நிற்பவர்களின் தராசு பெரும்பாலும் ‘இருப்பதே இருக்கட்டும்’ என்ற பக்கம் தேவைக்கு மேல் சாய்ந்திருக்கிறது என்று அது காட்டுகிறது.

அதிகம் யோசிப்பதற்கு இன்னொரு முகம் உண்டு. அது தயக்கமாகத் தெரியாது, சுறுசுறுப்பாகத் தெரியும். அம்பத்தூர், திருமழிசை, காக்களூர் எஸ்டேட்டுகளில் வாகன உதிரிபாகம் செய்யும் சிஎன்சி பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட்; கூடக்குறைய 0.02 மி.மீ. வரை போகலாம். மெஷினின் இயல்பான தடுமாற்றம், அதாவது திட்ட விலக்கம், 0.005 மி.மீ. என்று கொள்வோம். ஆபரேட்டர் முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளக்கிறார்: 0.006 அதிகம். உடனே ஆஃப்செட்டில் அவ்வளவைக் குறைக்கிறார். அடுத்த பீஸ் 0.004 குறைவு என்று வருகிறது, மறுபடி கூட்டுகிறார். மிகுந்த அக்கறையோடு செய்கிறார். ஆனால் முதல் பீஸில் கூடுதலாக வந்தது தற்செயல். மெஷின் தன் போக்கில் இருந்திருந்தாலும் அடுத்தது வேறாகத்தான் வந்திருக்கும். அவர் செய்த திருத்தம் போன பீஸின் தற்செயலை இந்தப் பீஸின் தற்செயலோடு சேர்த்துவிடுகிறது. இரண்டு தடுமாற்றங்கள் சேரும்போது மாறுபாடு, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம், இரட்டிப்பாகும்; திட்ட விலக்கம் 0.005லிருந்து 0.007 ஆகும். கணக்குப் போட்டால், கையை வைக்காமல் விட்டிருந்தால் லட்சத்துக்கு ஆறு பீஸ்தான் அளவு தப்பியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் திருத்தியதால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஐந்து தப்புகிறது. தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் வகுப்புகளில் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதையே செய்துகாட்டிவந்தார்.

இதற்கு மருந்தை 1924 மே 16 அன்று பெல் தொலைபேசிக் குழுமத்தின் பொறியாளர் வால்டர் ஷூவர்ட் ஒரே பக்கக் குறிப்பில் எழுதிக் கொடுத்தார். அதுதான் இன்று ஆலைச் சுவர்களில் தொங்கும் கண்ட்ரோல் சார்ட். சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு கோடுகள்; புள்ளி அவற்றுக்குள் இருந்தால் மெஷினைத் தொடாதே, வெளியே போனால் நிறுத்திக் காரணத்தைத் தேடு. மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது? இல்லாத கோளாறைத் தேடி அலையும் செலவையும், இருக்கும் கோளாறைக் கவனிக்காமல் விடும் செலவையும் எடைபோட்டு அவர் தேர்ந்த எண் அது. வால்டின் இரண்டு தவறுகள் இங்கும் அப்படியே இருக்கின்றன. புள்ளியியலாளர் பி.சி. மகலனோபிஸ் அழைத்ததன் பேரில் 1947–48ல் ஷூவர்ட் இந்தியா வந்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் வழியாக அவர் முறைகள் நம் ஆலைகளில் பரவின. அம்பத்தூரை ஒட்டிய பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. பத்தாம் வகுப்போ ஐடிஐயோ படித்த ஆபரேட்டர்கள் அன்றாடம் நூற்றுக்கணக்கான முடிவுகளை அலட்டிக்கொள்ளாமல் எடுக்க அத்தகைய ஆலைகளில் முடிகிறது. தொடுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை முன்பே தாளில் இரண்டு கோடுகளாக வரையப்பட்டிருப்பதுதான் அதற்குக் காரணம். அவர்களுக்குப் பிறவியிலேயே துணிச்சல் கூடுதல் என்பதல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ‘கணக்கெல்லாம் சரி. ஆனால் வேலையிடத்தில் ஆள் தயங்குவது கணக்குத் தெரியாமல் அல்ல, திட்டு விழும் என்ற பயத்தில். ஹீட்டைத் தாழ்ந்த ரகமாக ஊற்றினால் ஏன் ஊற்றினாய் என்பார்கள். ஊற்றாமல் இருந்தால் ஏன் தாமதம் என்பார்கள்.’ இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. தவறின் விலை ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. தாமதத்தின் விலை யார் பெயரிலும் எழுதப்படுவதில்லை. அந்த நிலையில் தயங்குவதுதான் தனிமனிதருக்குப் புத்திசாலித்தனம். மேலதிகாரிகளும் முடிவை அளப்பதில்லை, விளைவைத்தான் அளக்கிறார்கள். 1988ல் ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி இருவரும் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே நோயாளி, ஒரே தகவல்கள், அறுவை சிகிச்சை செய்வது என்ற ஒரே முடிவு. நோயாளி பிழைத்தார் என்று சொன்னபோது மருத்துவரின் முடிவை நல்லது என்று மதிப்பிட்டார்கள், இறந்தார் என்று சொன்னபோது அதே முடிவைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. அதை இன்னும் அவசியமாக்குகிறது. ‘பாஸ்பரஸ் 0.040ஐத் தாண்டினால் ஒரே ஒரு மறு சாம்பிள். அதிலும் தாண்டினால், நல்ல இரும்பு பக்கத்தில் தயாராக இருந்தால் சேர். இல்லாவிட்டால் எஃப்இ 500 ரகமாக ஊற்று’ என்று ஆலையே எழுதிக் கையொப்பமிட்டு உலைப் பக்கத்தில் ஒட்டிவைத்தால், பழி மெல்டரின் தலையிலிருந்து இறங்கி விதியின் மேல் போய்விடுகிறது. விதி தவறென்றால் மாதம் ஒருமுறை உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். நள்ளிரவு ஷிஃப்டில் ஓர் ஆள் தனியாக நின்று அதைச் சுமக்க வேண்டியதில்லை. நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல உறவும் இருந்த செவிலியர் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை மறைக்காமல் சொல்ல முடிந்தது என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். சொன்னால்தான் விதியைத் திருத்த முடியும். ஆகவே தயக்கத்தைக் குறைக்கும் பொறுப்பில் பெரிய பங்கு நிர்வாகத்துக்கு உரியது. விதியை எழுதித் தராமல் ஊழியரைப் பார்த்து ‘உனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை’ என்று சொல்வது அநியாயம்.

இரண்டாவது மறுப்பு உயிர் சம்பந்தப்பட்டது. ரசாயனமும் கொதிகலனும் உயர் மின்னழுத்தமும் உள்ள இடத்தில் சீக்கிரம் முடிவெடு என்று சொல்வது ஆபத்து அல்லவா? நான் சொல்வது சீக்கிரம் என்று அல்ல, முன்கூட்டியே என்று. தவறின் விலை உயிராக இருக்கும்போது கோடு ஒரு பக்கம் மிகவும் சாய்ந்திருக்க வேண்டும். நிறுத்தினால் இழப்பது உற்பத்தி, அதை நாளை மீட்கலாம். நிறுத்தாவிட்டால் இழப்பது திரும்பி வராதது. ஆகவே அங்கே விதி, ஐயம் என்றால் நிறுத்து என்பதுதான். கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் போகும் ரயில்பாதையில் லோகோ பைலட் இந்த விதிப்படிதான் ஓட்டுகிறார்: சிக்னல் எரியவில்லை, அல்லது சரியாகத் தெரியவில்லை என்றால், அது காட்டக்கூடியதிலேயே மிகக் கண்டிப்பான குறியைக் காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். என்னவாக இருக்கும் என்று யோசிக்க அவருக்கு இடமே தரப்படவில்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-எச் பிரிவும், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தாலே நிர்வாகத்திடம் சொல்ல ஊழியருக்கு உரிமை தந்தது. நிரூபிக்கும் சுமையை அவர் மேல் வைக்கவில்லை. மூடிய தொட்டிக்குள் விஷவாயுவில் ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றப் பதறி இறங்கும் அடுத்தவரும் இறந்துபோவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. காற்றைச் சோதிக்காமல், சுவாசக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்ற விதி அந்தக் கணத்தில் பிறக்க முடியாது. முன்பே பிறந்து பழகியிருக்க வேண்டும். தயக்கத்துக்கு மருந்தாகும் அதே விதி அவசரத்துக்கும் மருந்தாகிறது.

மூன்றாவது மறுப்பு, விடாமல் தேடுபவர்களுக்குத்தானே நல்லது கிடைக்கிறது என்பது. ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் மூவரும் 2006ல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. பட்டம் முடித்து வேலை தேடியவர்களில், ஆகச் சிறந்ததே வேண்டும் என்று தேடியவர்கள், போதுமானது கிடைத்தால் சரி என்றவர்களைவிடத் தொடக்கச் சம்பளத்தில் சுமார் 20 சதவீதம் அதிகம் பெற்றார்கள். இதை மறைப்பதில் பயனில்லை. வேலையைத் தேர்ந்தெடுப்பது, நிலம் வாங்குவது, புதிய ஆலைக்கு இடம் பார்ப்பது போன்ற அரிதான, திருத்தக் கடினமான முடிவுகளுக்குக் கோட்டை உயரத்தில் வைப்பதே சரி. ஆனால் அதே ஆய்வு, அதிகச் சம்பளம் பெற்றவர்கள் தமக்குக் கிடைத்த வேலையில் குறைவான நிறைவையும் கூடுதலான மனவருத்தத்தையும் கொண்டிருந்தார்கள் என்றும் சொல்கிறது. எல்லா வாய்ப்பையும் பார்த்தவருக்கு விட்டுப்போனவை எல்லாம் கணக்கில் நிற்கின்றன. வேலைநாளில் வரும் முடிவுகளில் பெரும்பான்மை அரிதானவையும் அல்ல, திருத்த முடியாதவையும் அல்ல. அவற்றுக்கு ஹெர்பர்ட் சைமன் 1956ல் சொன்ன வழியே ஏற்றது: குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று முதலில் எழுது, அதை நிறைவேற்றும் முதல் வழியை எடுத்துக்கொள். மனிதருக்கு நேரமும் நினைவாற்றலும் எல்லைக்குட்பட்டவை என்ற உண்மையிலிருந்து பிறந்த வழி அது. அவருக்கு 1978ல் பொருளியல் நோபல் கிடைத்தது, நிறுவனங்களுக்குள் முடிவுகள் எடுக்கப்படும் விதத்தை ஆராய்ந்ததற்காகத்தான்.

அனுபவசாலிகள் விதி எதுவும் பார்ப்பதில்லையே, உருக்கின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்களே என்றும் கேட்கலாம். உண்மைதான். தீயணைப்புத் தலைவர்களை ஆராய்ந்த கேரி கிளைன், அவர்கள் பெரும்பாலும் வழிகளை ஒப்பிடுவதில்லை, பழகிய சூழலை அடையாளம் கண்டு முதலில் தோன்றும் நல்ல வழியையே செய்கிறார்கள் என்று கண்டார். உள்ளுணர்வை ஐயத்தோடு பார்த்த டேனியல் கானமனும் அவரும் 2009ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: சூழல் ஒழுங்குள்ளதாகவும், செய்ததன் பலன் உடனுக்குடன் தெரிவதாகவும் இருந்தால் மட்டுமே உள்ளுணர்வை நம்பலாம். மெல்டர் நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்கிறார். அடுத்த நிமிடம் வெப்பமானி சரியா தவறா என்று சொல்லிவிடுகிறது. ஆயிரம் ஹீட்டுகளில் அவர் கண் பழகிவிட்டது. ஆனால் பாஸ்பரஸைக் கண் பார்க்காது. யாரை வேலைக்கு எடுப்பது, எந்தச் சப்ளையரை நம்புவது என்பவற்றில் பலன் தெரிய மாதங்கள் ஆகும். சில வேளை தெரியவே தெரியாது. அங்கெல்லாம் மூத்தவரின் மனக்குரலைவிட எழுதிவைத்த விதியே துணை.

அப்படியானால் விதியில் என்ன இருக்க வேண்டும்? நான்கு செய்திகள் போதும்: முடிவு யாருடையது, என்னென்ன தெரிந்தாக வேண்டும், எந்த நேரத்துக்குள், அதற்குள் தெளிவு வராவிட்டால் எது தானாக நடக்கும். பெரும்பாலான அலுவலகங்களில் கடைசி இரண்டும் விட்டுப்போகின்றன. யோசனை நீள்வது அந்த ஓட்டை வழியாகத்தான். கொள்முதலுக்கு இதை வைத்துப் பார்த்தால், ‘50,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள பொருளுக்கு இரண்டு கொட்டேஷன், மூன்று வேலைநாள், அதற்குப் பிறகும் சமமாகத் தெரிந்தால் முன்பு ஒழுங்காகச் சப்ளை செய்தவருக்கே ஆர்டர்’ என்று ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். இப்படி ‘இது நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்னதாகவே வகுத்துக்கொள்வதன் பலனைப் பீட்டர் கால்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006ல் 94 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். நோக்கம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட, சூழலையும் செயலையும் முன்பே இணைத்து வைத்திருந்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகச் செய்து முடித்தார்கள். தனிமனிதராகவும் இதைச் செய்யலாம். நிறுவனம் எழுதித் தராவிட்டால் நீங்களே எழுதி, மேலதிகாரிக்கு அனுப்பி, இப்படிச் செய்யலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு அனுமதி கேட்பதைவிட, வரும் முன் விதிக்கு அனுமதி வாங்குவது எளிது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. முடிவை எடுத்து முடித்த பிறகும், வீட்டுக்குப் போன பிறகும், நடந்ததையே மனம் திரும்பத் திரும்ப அசைபோட்டுத் தூக்கத்தைக் கெடுத்தால் அது சான்று சேர்க்கும் வேலையே அல்ல. உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமாவின் ஆய்வுகள், இப்படி அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது, சிக்கலைத் தீர்க்கும் திறனையும் குறைக்கிறது என்று காட்டின. கண்ட்ரோல் சார்ட் அதைக் குணப்படுத்தாது. வாரக்கணக்கில் அப்படி நீடித்தால் மருத்துவ உதவி தேவை. மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மற்ற எல்லாத் தயக்கங்களுக்கும் வழி ஆலைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பீஸைத் தள்ளுவதா ஏற்பதா, ஒரு மெஷினைத் தொடுவதா விடுவதா, ஒரு வண்டியை நிறுத்துவதா ஓட்டுவதா என்ற கேள்விகளுக்கு நூறு ஆண்டுகளாக நாம் எல்லைகளை வகுத்துப் பழகியிருக்கிறோம். இரும்புக்கும் சிக்னலுக்கும் செய்ததை, கூட்ட அறைக்கும் கோப்புக்கும் மின்னஞ்சலுக்கும் செய்யவில்லை. அங்கே இன்னும் ஆளின் குணத்தையே நம்பியிருக்கிறோம், பிறகு அந்தக் குணத்தையே குறை சொல்கிறோம். ஒவ்வொரு பிரிவும் தன்னிடம் அடிக்கடி இழுபறியாகும் ஐந்து முடிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தெரிந்தால் போதும் என்று இந்த மாதமே எழுதிவைக்கட்டும். எழுதியபடி நடந்த முடிவு தவறாகப் போனால் எழுதியதைத் திருத்தட்டும், ஆளைத் தண்டிக்க வேண்டாம். அந்த உறுதி இருந்தால், தயங்குபவர் என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே முடிவெடுப்பார்கள்.